சிவப்புத் தட்டான் ரெண்டு: அரோராவா கிர்பியான்னு பிரிச்சுப் பாக்கறது எப்படி

தட்டான் பாக்க ஆரம்பிச்ச எல்லாரும் கொஞ்ச நாள்லயே வந்து மாட்டிக்கற இடம் இந்த சிவப்புத் தட்டான்தான். பச்சை, நீலம், கறுப்புன்னு மத்ததுக்கெல்லாம் எப்படியோ ஒரு பேர் கண்டுபிடிச்சுடலாம், சிவப்புன்னு வந்தா மட்டும் புத்தகத்தைத் திறந்தா நாலு பக்கத்துக்கு ஒரே மாதிரி படமா இருக்கும், எதைப் பாத்தோம்னே குழம்பிடும். அதுலயும் ஒரே பேரினத்துல இருக்கற ரெண்டு வகை, ட்ரைதெமிஸ் அரோரா, ட்ரைதெமிஸ் கிர்பியி (இனிமே அரோரா, கிர்பின்னே சொல்றேன்), ரெண்டும் சிவப்பு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ரெண்டும் தண்ணி பக்கத்துல உக்காந்துக்கிட்டு வர்ற போற தட்டானை எல்லாம் விரட்டிக்கிட்டு இருக்கும். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கக் கத்துக்கிட்டீங்கன்னா மத்த தட்டான்களைப் பாக்கற விதமே மாறிடும், அதனாலதான் புதுசா வர்றவங்களுக்கு நான் இந்த ஜோடியையே சொல்றது.

ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடறேன், மீதி எல்லாம் இதோட விரிவுதான். நிறத்தைக் கடைசியா பாருங்க. முதல்ல இறக்கையோட அடிப்பகுதி, ரெண்டாவது அது உக்காந்திருக்கற இடம், அப்புறம்தான் உடம்போட நிறம். நிறையப் பேர் இதைத் தலைகீழா பண்றாங்க, "இது கொஞ்சம் ரோஸ் கலர் மாதிரி இருக்கு, அது ஆரஞ்சு மாதிரி இருக்கு"ன்னு ஆரம்பிச்சு அங்கயே நின்னுடறாங்க.

யார் இவங்க

ட்ரைதெமிஸ்ங்கறது 40க்கு மேல வகைகள் இருக்கற பேரினம், அதுல பெரும்பாலானது ஆப்பிரிக்காவுல இருக்கு. அரோராவை ஜெர்மன் விலங்கியலாளர் பர்மைஸ்டர் 1839ல விவரிச்சார், கிர்பியை பெல்ஜியத்துக்காரர் செலிஸ் 1891ல விவரிச்சு, பூச்சி ஆராய்ச்சியாளர் வில்லியம் கிர்பியோட பேரை வச்சார். அரோரா முழுக்க ஆசியாவோட ஆள், இந்தியா, இலங்கையில ஆரம்பிச்சு தென்கிழக்கு ஆசியா முழுக்க, பிலிப்பைன்ஸ் இந்தோனேசியா வரைக்கும் சர்வசாதாரணமா பாக்கலாம். கிர்பிக்கு ஆப்பிரிக்கா, அரேபியப் பகுதி, இந்தியா, அதோட தெற்கு ஐரோப்பாவும். 2007ல தெற்கு ஸ்பெயின்ல பதிவாகி, அதுக்கப்புறம் அங்க வடக்க வடக்க பரவிக்கிட்டே போகுது.

இந்தப் பரவல் விஷயம் சும்மா பொது அறிவுக்காக இல்ல, இதை வச்சே பாதி வேலை முடிஞ்சுடும். சிங்கப்பூர், மலேசியா பக்கம் இருக்கறவங்களுக்கு கிர்பிங்கற பேச்சே கிடையாது, நீங்க பாத்த சிவப்பு ட்ரைதெமிஸ் அரோராதான். ஸ்பெயின்லயோ கென்யாவுலயோ இருந்தீங்கன்னா அரோரா கிடையாது. ரெண்டும் சேந்து இருக்கறது இந்தியா மாதிரி இடங்கள்லதான், இந்தக் கட்டுரையும் முக்கியமா அங்க இருந்து பாக்கறவங்களுக்குத்தான் உதவும்.

என்ன வேணும்

பெருசா ஒண்ணும் வேண்டாம். போன் கேமரா போதும், ஜூம் இருக்கற கேமரா இருந்தா சௌகரியம். பைனாகுலர் இருக்குன்னா, அது ரெண்டு மீட்டர் தூரத்துல இருக்கறதையும் ஃபோகஸ் பண்ணுமான்னு பாத்துக்கங்க, பறவைக்குன்னு வாங்குற சிலதுல கிட்ட இருக்கறது மங்கலாத்தான் தெரியும். வலை வேண்டாம். இந்த ரெண்டையும் பிடிக்காமலே பிரிச்சுடலாம், இறக்கை அவ்ளோ மென்மையானது, தெரியாம பிடிச்சா கிழிஞ்சுடும். முக்கியமா அப்பதான் தோல் உரிச்சு வெளிய வந்த இளசு, பளபளன்னு கண்ணாடிக் காகிதம் மாதிரி இறக்கையோட இருக்கும், அதைத் தொடவே தொடாதீங்க, இறக்கை கசங்கிடுச்சுன்னா அதோட வாழ்க்கையே போச்சு. மத்தபடி நீங்க பயப்பட ஒண்ணும் இல்ல, தட்டானுக்குக் கொடுக்கு கிடையாது.

நல்ல வெயில் இருக்கற நேரமா போங்க. மேகமூட்டமா இருந்தா இவங்க செடிக்குள்ள போய் ஒட்டிக்கிட்டு உக்காந்துடுவாங்க, தேடி அலையணும்.

முதல் வேலை: இது ட்ரைதெமிஸ்தானா?

அரோராவா கிர்பியான்னு யோசிக்கறதுக்கு முன்னாடி, ரெண்டும் இல்லாத வேற ஒரு சிவப்பு ஆளா இருக்கலாமான்னு பாத்துடணும். இந்த இடத்தைத் தாண்டிப் போறதாலதான் பாதி தப்பு வருது.

குரோக்கோதெமிஸ் செர்விலியாதான் முதல் சந்தேகம். ரத்தச் சிவப்பு, புல்லு இருக்கற குளம் குட்டை எல்லா இடத்துலயும் இருக்கும். இதோட வால் (வால்னு நாம சொல்றது உண்மையில அதோட வயித்துப் பகுதி, 10 கண்டம், அதாவது வளையம் வளையமா 10 துண்டு கொண்டது) கொஞ்சம் அகலமா தட்டையா இருக்கும், முதுகு நடுவுல நீளவாக்குல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். மேல இருந்து ஒரு படம் கிடைச்சா போதும், கோடு தெரிஞ்சா முடிஞ்சது. இறக்கை நரம்பும் ட்ரைதெமிஸ் ஆணுக்கு இருக்கற மாதிரி பளிச்சுன்னு சிவப்பா இருக்காது.

அடுத்தது நியூரோதெமிஸ் ஃபுல்வியா, இதுல குழப்பமே வரக்கூடாது, இறக்கையில பெரும்பகுதி செங்கல் நிறத்துல அடைச்சு இருக்கும், நுனியில மட்டும்தான் தெளிவு. ஆர்த்தெட்ரம் ப்ரூயினோசம்னு ஒண்ணு இருக்கு, அதோட வால் ஊதா கலந்த ரோஸ், அரோரான்னு நினைக்க வச்சுடும், ஆனா ஆள் பெருசு, மார்பு மங்கலான பழுப்பு-நீலம், பின் இறக்கை அடியில சின்னதா அடர்ந்த பழுப்புத் திட்டு, மஞ்சளோ ஆரஞ்சோ இல்ல. யூரோதெமிஸ் சிக்னேட்டா இன்னொரு சிவப்பு, அதுக்கு வாலோட கடைசிப் பக்கம் 8, 9ஆவது கண்டத்து மேல கறுப்புப் பொட்டு இருக்கும், பின் இறக்கை அடியில கரும்பழுப்பு ஏறிய திட்டு.

ட்ரைதெமிஸ்னு எப்படி உறுதி பண்றது? உக்காந்திருக்கற தோரணையைப் பாருங்க. இந்தப் பேரினத்துக்காரங்க உக்காந்த கொஞ்ச நேரத்துல இறக்கையை முன்னாடி தள்ளி கீழ இறக்கிடுவாங்க, முன்னாடி இருந்து பாத்தா ரெண்டு பக்கமும் இறக்கை தலையைத் தாண்டி சரிஞ்சு நிக்கும். குரோக்கோதெமிஸும் சில நேரம் இப்படிச் செய்யும்தான், அதனால இதை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க, ஆனா மெலிஞ்ச உடம்பு, வால் ஆரம்பிக்கற இடத்துல ஒரு சின்னப் புடைப்பு, முதுகுல நீளக் கறுப்புக் கோடு இல்லாதது, ரத்தச் சிவப்பு நரம்பு ஓடற இறக்கை, இதோட இந்தத் தொங்கல் தோரணையும் சேந்தா ஆண் ட்ரைதெமிஸ்தான்.

இதே பேரினத்துல ட்ரைதெமிஸ் ஃபெஸ்டிவா, ட்ரைதெமிஸ் பாலிடிநெர்விஸ்னு ரெண்டு பேர் அக்கம்பக்கத்துலயே இருப்பாங்க. முதல் ஆள் ஆண் கருநீலம், ரெண்டாவது ஆள் மஞ்சள்-பழுப்பு, நல்ல நீளக் கால். சிவப்போட குழப்பிக்க வேண்டியது இல்ல, பெண் தட்டான்னு வந்தாதான் இவங்களும் நடுவுல வந்து நிப்பாங்க, அதைக் கீழ சொல்றேன்.

ரெண்டாவது வேலை: இறக்கையோட அடி

இங்கதான் நேரம் செலவு பண்ணணும். இறக்கையில மூணு இடம் தெரிஞ்சு வச்சுக்கங்க. உடம்போட ஒட்டற இடம் அடி. முன் ஓரத்துல கிட்டத்தட்ட நடுவுல ஒரு முடிச்சு மாதிரி, நரம்பு வளைஞ்சு உடையற இடம் இருக்கும், அது நோடஸ். நுனிக்குக் கொஞ்சம் முன்னாடி ஓரத்துல ஒரு அடர்ந்த நிறக் கட்டம் இருக்கும், அது ஸ்டிக்மா. நமக்கு வேண்டியது அடிக்கும் நோடஸுக்கும் நடுவுல இருக்கற பகுதி மட்டும்.

ரெண்டு வகைக்குமே அந்தப் பகுதியில தேன் நிறத்துல, ஆரஞ்சா ஒரு திட்டு இருக்கு. "ஆரஞ்சு திட்டு இருக்கு, அப்போ கிர்பி"ன்னு சொல்ற தப்பு இதனாலதான் வருது. இருக்கா இல்லையாங்கறது கேள்வியே இல்ல. எவ்ளோ பெருசு, எந்த இறக்கையில, அதுதான் கேள்வி.

அரோராவுக்குத் திட்டு முக்கியமா பின் இறக்கையிலதான், அடியோட ஒட்டி. முன் இறக்கையில பேருக்கு லேசா இருக்கும், சில படத்துல தேடித்தான் கண்டுபிடிக்கணும். கிர்பிக்கு அப்படி இல்ல. முன் இறக்கை, பின் இறக்கை ரெண்டுலயும் பெரிய, அகலமான ஆரஞ்சுத் திட்டு, நோடஸை நோக்கி நல்லா நீண்டுக்கிட்டு போகும். பறக்கும்போதுகூட உடம்பைச் சுத்தி ஆரஞ்சு வெளிச்சம் ஒண்ணு கூடவே போற மாதிரி தெரியும். கிர்பியை ஒரு தடவை சரியா பாத்துட்டீங்கன்னா அரோராவோட திட்டு எவ்ளோ அடக்கமானதுன்னு உடனே புரிஞ்சுடும்.

அதனால நான் எல்லாருக்கும் சொல்றது, முன் இறக்கையைப் பாருங்க. பின் இறக்கையை வச்சு வாதாடிக்கிட்டு இருக்காதீங்க, அரோராவுல சில ஆண்களுக்குப் பின் இறக்கைத் திட்டு நல்லாவே அகலமா இருக்கும், படத்தை மட்டும் பாத்தா சந்தேகம் வரும். முன் இறக்கையில அடியில தெளிவான ஆரஞ்சுப் பரப்பு இருக்கா, இல்ல ஒரு சின்னச் சாயம் மட்டும்தானா, இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைச்சா பெரும்பாலும் வேலை முடிஞ்சது.

ஆனா இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கறது சில நேரம் கஷ்டம், அதுக்குக் காரணம் அந்தத் தொங்கல் தோரணைதான். இறக்கையை முன்னாடி தள்ளி வச்சா முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒண்ணு மேல ஒண்ணு விழும், பின் இறக்கைத் திட்டு முன் இறக்கை வழியா தெரிஞ்சு, முன் இறக்கையிலயும் பெரிய திட்டு இருக்கற மாதிரி காட்டிடும். பக்கவாட்டுல எடுத்த படத்துல இது அடிக்கடி நடக்கும். அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, கொஞ்சம் உயரத்துல இருந்து, சரிவா மேல இருந்து எடுங்க, நாலு இறக்கையும் தனித்தனியா விரிஞ்சு தெரியும். இன்னொண்ணு, அது வந்து உக்கார்ற அந்த நொடியில எடுங்க, அப்ப இறக்கை இன்னும் விரிஞ்சு இருக்கும், ஒரு நொடி ரெண்டு நொடி கழிச்சுதான் கீழ இறக்கும். போன்ல பர்ஸ்ட் (தொடர்ந்து பல படம் எடுக்கற வசதி) வச்சுக்கிட்டா இது சுலபம், ஏன்னா இவங்க எழுந்து ஒரு சுத்து சுத்திட்டு திரும்ப அதே குச்சிக்கோ அதே கல்லுக்கோ வந்துடுவாங்க. பறந்துடுச்சேன்னு நீங்க நகந்து போகாதீங்க, நின்ன இடத்துலயே போனைத் தயாரா பிடிச்சு நில்லுங்க.

வெளிச்சமும் ஏமாத்தும். சூரியன் தட்டானுக்குப் பின்னாடி இருந்து நீங்க எதிர்ல நின்னு எடுத்தா லேசான திட்டுகூட தகதகன்னு ஜொலிக்கும், அரோராவோட சின்னத் திட்டு பெருசா தெரியும். நேர் மாறா, உச்சி வெயில்ல இறக்கை கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிச்சா கிர்பியோட திட்டே பாதி மறைஞ்சுடும். ரெண்டு மூணு கோணத்துல எடுத்து ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாருங்க, ஒரே ஒரு படத்தை நம்பி சத்தியம் பண்ண வேண்டாம்.

நரம்பு நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை. சிவப்பு நரம்பு இருந்தா அரோரான்னு சிலர் சொல்லிக் கேட்டிருக்கேன். ரெண்டோட ஆணுக்கும் நரம்பு சிவப்புதான். அது செர்விலியாவை ஒதுக்கறதுக்கு உதவும், இந்த ரெண்டுக்கு நடுவுல உதவாது.

மூணாவது: எங்க உக்காந்திருக்கு

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, ஏன்னா படமே எடுக்காம, தூரத்துல இருந்தே ஒரு அனுமானத்துக்கு வந்துடலாம். கிர்பி வெட்ட வெளிப் பாறைக்காரன். கொதிக்கற கல்லு மேல, காஞ்ச ஆத்துப் படுகையில, பாறைக்குழியில தேங்கின தண்ணி ஓரத்துல, கல்குவாரி குட்டையில, சிமெண்ட் தொட்டி விளிம்புல, செடி கொடி எதுவும் இல்லாத இடத்துல தரையோட தரையா உக்காந்திருக்கும். அரோராவுக்குச் செடி வேணும். தாவரம் மண்டின குளம், சதுப்பு, ஓடை ஓரம், அங்க தண்ணி மேல நீட்டிக்கிட்டு இருக்கற ஒரு குச்சி நுனி, காஞ்ச தண்டு, நாணல், அதுல தனியா, எல்லாருக்கும் தெரியற மாதிரி உக்காந்திருக்கும்.

குச்சி நுனின்னா அரோரா, வெறும் பாறைன்னா கிர்பின்னு நினைச்சுக்கிட்டு ஆரம்பிங்க, ஆனா அங்க முடிச்சுடாதீங்க. செடியும் பாறையும் கலந்து இருக்கற ஓடையில ரெண்டும் பத்தடி தூரத்துல இருக்கலாம், அரோரா கல்லு மேல உக்காரவே உக்காராதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. இடம் சொல்றதும் இறக்கை சொல்றதும் ஒத்துப்போனா சந்தோஷம். ஒத்துப்போகலைன்னா இறக்கை சொல்றதைக் கேளுங்க.

உச்சி வெயில் நேரத்துல இவங்க வாலை நேரா வானத்தைப் பாத்து தூக்கிக்கிட்டு நிக்கறதைப் பாப்பீங்க, புதுசா பாக்கறவங்க ஏதோ அடிபட்டிருக்குன்னு நினைச்சுடறாங்க. சூரியன் தலைக்கு மேல இருக்கும்போது உடம்புல வெயில் படற பரப்பைக் குறைக்கறதுக்காக அப்படி நிக்குது, அவ்ளோதான். இது ரெண்டுமே செய்யும், வேற பல தட்டானும் செய்யும், அதனால அடையாளத்துக்கு ஆகாது. ஆனா படம் எடுக்க அருமையான நேரம், ஏன்னா வாலுக்குக் கீழ்ப்பக்கம் தெளிவா தெரியும்.

நாலாவது: இப்ப நிறத்துக்கு வரலாம்

நல்லா வளந்த அரோரா ஆண் சிவப்புல ஊதா கலந்தது. மார்பு மேல மெல்லிசா மெழுகுப் பொடி மாதிரி ஒரு ஊதாப் படலம் வரும், அதனால மொத்த ஆளும் ரோஸ்-ஊதாப் பக்கம் சாயும். கிர்பி ஆரஞ்சுப் பக்கம் சாயற செக்கச்சிவப்பு. நேர்ல ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும், யாரும் மறுக்க மாட்டாங்க.

பிரச்சனை படத்துல. போன் கேமராவுக்கு அடர்ந்த சிவப்புன்னா தடுமாற்றம், வெயில்ல சிவப்பு அளவு எகிறிப்போய் விவரமே இல்லாத ஒரு சிவப்புக் கட்டியா பதிவாகும், அதுக்கு மேல போன் தானா கலரைக் கூட்டிவிடும். ஊதா எல்லாம் காணாமப் போய் ரெண்டும் ஒரே சிவப்பா நிக்கும். அதனால எடுக்கும்போது தட்டான் மேல தொட்டு ஃபோகஸ் பண்ணிட்டு, அந்த வெளிச்சக் குறியைக் கீழ இழுத்து படத்தைக் கொஞ்சம் இருட்டாக்கி எடுங்க. படம் மங்கலா இருக்கற மாதிரி தோணும், பரவாயில்ல, அப்புறம் ஏத்திக்கலாம், போன விவரத்தைத்தான் திரும்பக் கொண்டு வர முடியாது. ஃபில்டர் எதுவும் போடாதீங்க.

வயசும் நிறத்தை மாத்தும். இளம் ஆண் சிவப்பாவே இருக்காது, பெண் மாதிரி மஞ்சள்-பழுப்பா இருந்து மெதுவா சிவக்கும். இது எப்படி நடக்குதுங்கறதே ஒரு அழகான விஷயம். 2012ல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் செர்விலியாவையும் இன்னும் ரெண்டு சிவப்புத் தட்டானையும் வச்சுப் பாத்தாங்க, மஞ்சள்ல இருந்து சிவப்பு ஆகறதுக்கு உடம்புல இருக்கற நிறமி வேதியியல் ஒடுக்கம் (ரிடக்‌ஷன்) அடையறதுதான் காரணம்னு தெரிஞ்சது, அதாவது புது நிறமி வரலை, இருக்கற நிறமியோட வேதி நிலைதான் மாறுது. மஞ்சளா இருந்த தட்டானுக்கு வைட்டமின் சி ஊசி போட்டப்போ அது சிவப்பாச்சு. அப்போ பாதி மஞ்சள் பாதி சிவப்பா, ஆரஞ்சா ஒரு ட்ரைதெமிஸைப் பாத்தா, "ஆரஞ்சு, அப்போ கிர்பி"ன்னு ஓடிடாதீங்க, அது சிவக்கறதுக்கு நடு வழியில இருக்கற அரோராவா இருக்கலாம். திரும்பவும் முன் இறக்கைக்கே போங்க.

அளவை வச்சு பிரிக்கலாமான்னு கேப்பாங்க. முடியாது. அரோரா ஆணோட வால் மட்டுமே 21 மி.மீ.ல இருந்து 29 மி.மீ. வரைக்கும் இருக்கும், ஒரு வகைக்குள்ளயே இவ்ளோ வித்தியாசம் இருக்கும்போது கண்ணால பாத்து இது பெருசு அது சின்னதுன்னு சொல்றதுல அர்த்தம் இல்ல.

பெண் தட்டான்

இங்க பொறுமை வேணும், எடுத்த உடனே பெண்ணைப் பிரிக்க முயற்சி பண்ணாதீங்க, ஆணைப் பாத்துக் கண்ணு பழகினதுக்கு அப்புறம் வாங்க.

முதல்ல அது பெண்தானான்னு உறுதி பண்ணணும், ஏன்னா இளம் ஆணும் அதே மஞ்சள்தான். பக்கவாட்டுல பாருங்க, வாலோட ஆரம்பத்துல, 2ஆவது கண்டத்துக்கு அடியில ஒரு சின்னப் புடைப்பு துருத்திக்கிட்டு இருந்தா ஆண். தட்டான்ல ஆணோட இணைசேர்ற உறுப்பு அங்கதான் இருக்கு, வால் நுனியில இல்ல. பெண்ணுக்கு அந்த இடம் வழவழன்னு இருக்கும்.

அரோரா பெண்ணுக்கு மார்பு மஞ்சள் கலந்த பழுப்பு, அதுல பழுப்பும் கறுப்புமா கோடுகள். வால் செம்பழுப்பு, நடுவுலயும் பக்கத்துலயும் கறுப்புக் குறிகள். இறக்கை நரம்பு மஞ்சளா பழுப்பா இருக்கும், அடித்திட்டு வெளிறிப்போய் இருக்கும், பல பெண்களுக்கு இறக்கை நுனியில ஒரு பழுப்புச் சாயம் தெரியும். கிர்பி பெண் வெளிர் மஞ்சள்-பழுப்பு, ஆனா இறக்கை அடித்திட்டை விடாம வச்சிருக்கும், ஆணுக்கு இருக்கற அளவு அடர்த்தி இல்லாட்டியும் நல்லா தெரியும். அப்போ இங்கயும் அதே கேள்விதான், முன் இறக்கை அடியில பரப்பா நிறம் இருக்கா?

சிக்கல் என்னன்னா ஃபெஸ்டிவா பெண்ணும் மஞ்சளும் கறுப்புமாத்தான் இருக்கும், அரோரா பெண்ணோட நிறையப் பேர் மாத்திடுவாங்க. திட்டு தெளிவா தெரியாத, மேல இருந்தும் பக்கத்துல இருந்தும் படம் இல்லாத மஞ்சள்-கறுப்பு ட்ரைதெமிஸ் பெண்ணுக்குப் பேர் வைக்க அவசரப்படாதீங்க. பக்கத்துலயே ஒரு ஆண் பறக்குதுங்கறதால இது அதோட ஜோடின்னும் முடிவு பண்ண வேண்டாம், ஒரே குளத்துல மூணு வகை ட்ரைதெமிஸ் இருக்கறது சாதாரணம். ரெண்டும் இணைஞ்சு சக்கரம் மாதிரி வளைஞ்சு நிக்கும்போது எடுத்த படம் கிடைச்சா அதுதான் நல்ல ஆதாரம், ஆனா இவங்க இணையறது கண்ணு சிமிட்டற நேரத்துல முடிஞ்சுடும், கிடைச்சா உங்க அதிர்ஷ்டம்.

கிட்ட போறது எப்படி

தட்டானோட ஒவ்வொரு கண்ணுலயும் ஆயிரக்கணக்குல சின்னச் சின்னக் கண்கள், கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும் பாக்கும். பின்னாடி இருந்து போனா தெரியாதுன்னு நினைக்காதீங்க. அசைவுதான் அதைக் கிளப்பும், குறிப்பா பக்கவாட்டு அசைவும் மேல இருந்து வர்ற அசைவும். குனிஞ்சு, நேர்கோட்டுல, ரொம்ப மெதுவா போங்க, உங்க நிழல் அது மேல விழாம பாத்துக்கங்க, நிழல் விழுந்தா அடுத்த நொடி காணோம். தூரத்துல இருந்தே ஒரு படம் எடுத்துட்டு ரெண்டு அடி, இன்னொரு படம், இன்னும் ரெண்டு அடி, இப்படிப் போனா கடைசியில பறந்தாலும் கையில ஏதோ ஒண்ணு இருக்கும்.

மூணு படம் கிடைச்சா போதும். மேல இருந்து ஒண்ணு, நாலு இறக்கையும் தெரியற மாதிரி. பக்கத்துல இருந்து ஒண்ணு, மார்பும் வாலோட ஆரம்பமும் தெரியற மாதிரி. மூணாவது நிறையப் பேர் விட்டுடறது, கொஞ்சம் தள்ளி நின்னு அது உக்காந்திருக்கற இடத்தைச் சேத்து ஒண்ணு. பாறையா, குச்சியா, சுத்தி செடி இருக்கா, தண்ணி ஓடுதா தேங்கி நிக்குதா, இதெல்லாம் அந்தப் படத்துல வந்துடும், அப்புறம் யோசிச்சு எழுத வேண்டியது இல்ல.

வேற நாட்டுல இருந்து பாக்கறவங்களுக்கு

ஆப்பிரிக்காவுலயோ தெற்கு ஐரோப்பாவுலயோ இருக்கீங்கன்னா அரோராவுக்குப் பதிலா உங்களுக்கு வேற ரெண்டு பேர் இருக்காங்க. ட்ரைதெமிஸ் ஆனுலேட்டா ஆண் ஊதா-சிவப்பு, பாக்க அரோரா மாதிரியே இருக்கும், முன்னாடி சொன்ன அந்த ஊதாப் படலம் இதுக்கும் உண்டு. ட்ரைதெமிஸ் ஆர்ட்டீரியோசா மெலிஞ்ச சிவப்பு, வாலோட கடைசிப் பக்கம் கறுப்பு ஏறியிருக்கும். இந்த ரெண்டுல எதுக்குமே கிர்பி அளவுக்கு முன் இறக்கையிலும் பின் இறக்கையிலும் பெரிய ஆரஞ்சுத் திட்டு கிடையாது, அதனால கிர்பியைப் பிரிக்கறதுக்கு அங்கயும் இதே வழிதான்.

படத்தை ஏத்தும்போது

ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி ஆப்ல படத்தைப் போட்டா அது தானா ஒரு பேர் சொல்லும். சிவப்புத் தட்டான் விஷயத்துல அந்தப் பேரை அப்படியே ஏத்துக்கிட வேண்டாம், முதல்ல நீங்களா மேல சொன்ன வரிசையில பாத்து ஒரு பேருக்கு வாங்க, அப்புறம் ஆப் சொல்றதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒத்துப்போகலைன்னா எந்த அடையாளத்தால நீங்க வேற சொல்றீங்கன்னு குறிப்புல எழுதுங்க, "முன் இறக்கை அடியில பெரிய ஆரஞ்சுத் திட்டு, வெறும் பாறை மேல இருந்தது"ன்னு ஒரு வரி போதும், சரிபாக்க வர்றவங்களுக்கு அது பெரிய உதவி. மேல இருந்து எடுத்த படத்தை முதல்ல வைங்க, இடத்தோட படத்தைக் கடைசியில வைங்க.

முன் இறக்கை எந்தப் படத்துலயும் தெளிவா விழலைன்னா "ட்ரைதெமிஸ்"னு பேரினத்தோட நிறுத்திடுங்க. அது அரைகுறைப் பதிவு இல்ல, ரெண்டு வகையும் எங்கெங்க இருக்குன்னு வரைபடம் போடறவங்களுக்குத் தப்பான ஒரு கிர்பியைவிட அது எவ்வளவோ மேல். தேதியும் இடமும் குறிச்சு வச்சுட்டு, வெயில் நல்லா இருக்கற இன்னொரு நாள் அதே கல்லுக்கோ அதே குச்சிக்கோ திரும்பப் போங்க, ட்ரைதெமிஸ் ஆண் எல்லைக்காக அடிச்சுக்கிட்டு நிக்கற இனம், அதே ஆளோ அதோட எதிராளியோ அங்க இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.